வாசகர் கேள்வி பதில்: ஒரே பக்கத்தில் முப்பத்தாறு பிள்ளைகள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ஒரே கட்டுரையைப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பியில் முப்பது நாற்பது தடவை எழுதுவதை விட, இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதிப் பழகினால் என்ன என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசை நிறையக் கிடக்கின்றன. பாதிப்பேர் எங்கள் திருகோணமலைப் பக்கத்து ஆட்கள், அதிலும் பாதிப்பேர் ஏசித்தான் எழுதியிருக்கிறார்கள். சரி, மற்றக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு, தரம் 9இல் கோணேசர் கோயில் பற்றி ஒரு கட்டுரையை 36 பிள்ளைகளையும் கூகுள் டொக்ஸில் சேர்ந்து எழுதச் சொன்னேன். மூன்று பேர் எழுதினார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், ஒருவன் எல்லாவற்றையும் அழித்தும் விட்டான். இதில் பிள்ளைகள் என்ன ஆழமாகப் படித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.
ஓர் ஆசிரியை, சாம்பல்தீவு

பதில்: ரீச்சர், நீங்கள் இருக்கிற ஊரில் கரைவலை இழுப்பதை எத்தனையோ தரம் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் இருபது பேர் நிற்பார்கள், அதில் இரண்டு பேர் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தெரியும், அந்த இரண்டு பேருக்கும் தெரியும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் இதையே ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் போடுகிற பலத்தில், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதிதான் தேறியது. எல்லாமே கள்ளம் என்று சொல்லவும் முடியாது, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காவிட்டாலும் பலம் சிதறிப்போகும், நம்முடைய ஆட்கள் வலை இழுக்கும்போது அம்பா என்ற பாட்டைப் பாடுவது அதற்குத்தானே. உங்கள் பிள்ளைகள் 36 பேரும் அம்பா இல்லாமல் கயிற்றில் நின்றிருக்கிறார்கள்.

கூகுள் டொக்ஸில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை எழுதலாம் என்பது உண்மைதான். மூதூர் பஸ்ஸில் கூட எத்தனை பேரும் ஏறலாம், ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒன்பது பக்கம் திறவுங்கள். அப்புறம், நால்வருக்கும் ஒரே தலைப்பைக் கொடுக்காமல் தலைப்பை உடைத்துக் கொடுங்கள். ஒருவருக்குப் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கதை, ஒருவருக்குக் கோட்டை வாசலில் இருக்கிற இரட்டை மீன் கல்லும் கல்வெட்டும், ஒருவருக்கு 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வெண்கலச் சிலைகள், ஒருவருக்கு 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கிப் பார்த்த கோயில் இடிபாடுகள். ஒரே பங்கை எடுத்த பிள்ளைகள் முதலில் ஒன்றாக இருந்து தங்களுக்குள் படித்துக் கதைக்கட்டும், ஒன்பது பேர் அதிகம் என்றால் மும்மூன்று பேராக, பிறகு தங்கள் தங்கள் குழுவுக்குத் திரும்பிப் போய் எழுதட்டும். இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை, எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டினில் தொடங்கிய முறை. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்திருந்த நேரம், ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசாத வகுப்புகள், அங்கே, துண்டுகளைப் பொருத்திப் படம் ஆக்குகிற விளையாட்டு மாதிரி, ஒருவரிடம் இருக்கிற துண்டு இல்லாமல் மற்றவருடைய படம் முடியாது என்று ஆக்கிவிட்டார். அந்தக் காலத்தில் அதற்குக் கணினி எதுவும் தேவைப்படவில்லை.

இணையப் பக்கம் எங்கே உதவுகிறது என்றால், இரண்டாம் நாளில். முதல் நாள் எழுதியது அவரவர் பங்கு, அது கொப்பியில் எழுதியதற்குச் சமம்தான். இரண்டாம் நாள் தன்னுடையதைத் தொடக்கூடாது, மற்றவருடைய பந்தியில் இரண்டு கேள்வியாவது கொமன்ட்டாகப் போடவேண்டும், ‘சூப்பர்’, ‘நன்று’ எல்லாம் செல்லாது என்று சொல்லிவிடுங்கள். ‘கோயிலை இடித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய், அவ்வளவு கல்லும் எங்கே போனது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், எழுதிய பிள்ளை தேடித்தான் ஆகவேண்டும், தேடினால் நாம் எல்லோரும் கோயிலுக்குப் போகும்போது நடந்து போகிற பிரெட்ரிக் கோட்டையின் சுவரிலே போய் முட்டும். இன்னொரு பிள்ளை இடித்த ஆண்டு 1622 என்று போடும், மற்றது 1624 என்று திருத்தும், முதல் பிள்ளை திரும்ப 1622 ஆக்கும். நீங்கள் உள்ளே போய் எது சரி என்று சொல்லிவிடாதீர்கள், தயவு செய்து. இரண்டு ஆண்டும் புத்தகங்களில் இருக்கிறது. எங்கே பார்த்தாய், எழுதியவர் யார், அவர் எந்தக் காலத்து ஆள் என்று இரண்டு பேரும் அந்தப் பக்கத்திலேயே சண்டை பிடிக்கட்டும். நீங்கள் கேட்ட ஆழம் அங்கேதான் இருக்கிறது, கட்டுரை சுமாராக வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

எல்லாவற்றையும் அழித்தவனை ஏசவேண்டாம். கோப்பு மெனுவில் பழைய பதிப்புகளைக் காட்டுகிற இடம் இருக்கிறது, நேற்று எத்தனை மணிக்கு யார் எதை எழுதினார், எதை வெட்டினார் எல்லாம் நிறம் நிறமாகத் தெரியும், ஒரு அழுத்தில் பழையதைத் திரும்ப எடுக்கலாம். அதை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஒருதரம் செய்து காட்டுங்கள், அழிக்கிற ஆசை அத்தோடு குறையும்.

கேள்வி: போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நாங்கள் பூட்டி வைக்கிறோம், நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள். கொரோனா நேரம் வட்ஸ்அப் குழுவில் படித்தது போதாதா? முன்பின் தெரியாதவர்கள் பிள்ளை எழுதியதைப் பார்க்கமாட்டார்களா? சோதனையில் இதெல்லாம் வருமா?
ஓர் அம்மா, உவர்மலை

பதில்: கோபத்தில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் 2020இல் நடந்தது சேர்ந்து படித்தது இல்லை. ரீச்சர் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினார், பிள்ளை பார்த்து எழுதி அதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பியது, அதற்குப் பெயர் தபால். பிள்ளைகள் ஒருவர் எழுதியதை ஒருவர் தொடவே இல்லை. வட்ஸ்அப் குழு ஆற்றுத் தண்ணீர் மாதிரி, காலையில் போட்ட நல்ல கேள்வி ஒன்று மத்தியானத்துக்குள் ‘குட் மோர்னிங்’ பூக்களோடு அடித்துக்கொண்டு போய்விடும். நான் சொல்கிற பக்கம் நின்ற இடத்தில் நிற்கும், நாளைக்கு வந்து நேற்றையதைத் திருத்தலாம்.

பயத்துக்குப் பதில்: லிங்க் கிடைத்த எவரும் எழுதலாம் என்று திறந்து விடாமல் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கலாம், அதை ஆசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள், கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையின் படம், போன் நம்பர், வீட்டு விலாசம் எதுவும் அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனக்கென்று கூகுள் கணக்கைத் தானே திறக்க விடவேண்டாம், உங்கள் மேற்பார்வையில் இருக்கிற கணக்காக இருக்கட்டும். கிழமையில் இரண்டு நாள், முன் விறாந்தையில் உங்கள் கண் பட இருந்து, அரை மணித்தியாலம். அது போதும்.

சோதனையில் வராது. சோதனை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாலே குற்றம். ஆனால் ‘காரணம் தருக’ என்று வருகிற கேள்விக்கு, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கூட்டாளி பத்துத் தரம் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை எழுதுகிற விடை வேறு மாதிரி இருக்கும், அதை நான் திருத்திய தாள்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நகரத்தில் இருப்பவர்களுக்கு எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. எங்கள் பாடசாலையில் ஓடுகிற கணினி ஒன்று. கவரேஜ் கிணற்றடிக்குப் போனால்தான் வரும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், கட்டுரை எழுத எனக்கு நேரம் இல்லை.
ஓர் ஆசிரியர், வெருகல்

பதில்: கிணற்றடி என்று எழுதினீர்களே சேர், அங்கிருந்தே தொடங்குவோம்.

நான் படிப்பித்த காலத்தில் ஒருமுறை வகுப்பில் எல்லோரையும் சனிக்கிழமை காலையில் வீட்டுக் கிணற்றில் வாளிக் கயிற்றை விட்டு, கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன், ஐப்பசியில் மழை தொடங்க முன்பிருந்து தை வரை. ஆளுக்கொரு வரிசை: எந்தப் பக்கம், என்ன திகதி, எவ்வளவு ஆழத்தில் தண்ணீர், நல்ல தண்ணீரா சவரா, கடல் எவ்வளவு தூரம். பாடசாலையில் பெரிய பிரிஸ்டல் போட் அட்டையில் எழுதுவார்கள், பின்னேரம் கவரேஜ் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதைக் கூகுள் ஷீட் என்ற இணைய அட்டவணையில் ஏற்றுவாள். முதல் கிழமையே கலகம். ஒரு கிணறு 12, பக்கத்து வளவுக் கிணறு 4. ‘உன்ரை கிணத்தாலை அந்தப் பக்கம் அமெரிக்கா தெரியுதோ’ என்று ஒரு பகிடி கொமன்ட்டில் வந்தது. விசாரித்தால் ஒருவன் அடிக்கணக்கில் அளந்திருக்கிறான், மற்றவன் மீற்றரில், இன்னொரு வீட்டில் அம்மம்மா முழம் போட்டுச் சொல்லியிருக்கிறா. அலகு ஏன் வேண்டும் என்று நான் எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது பிள்ளைகளுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. அவர்களே கூடிப் பேசி மீற்றர் என்று முடிவெடுத்தார்கள், அம்மம்மாவின் முழத்தையும் அளந்து மாற்றினார்கள்.

மார்கழியில் வரைபு போட்டபோது அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது, கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் கோடையில் ஏன் சவராகின்றன என்று. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைவு, மணலுக்குள் அது கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது, கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மோட்டர் போட்டு மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே உப்பு ஏறும். இதை நான் ஒரு பாட நேரத்தில் சொல்லியிருந்தால் சோதனைக்கு மறுநாள் மறந்திருப்பார்கள். தங்கள் வீட்டு மோட்டரைப் பற்றி அது சொல்கிறது என்று தெரிந்ததும், இரண்டு பிள்ளைகள் வீட்டில் போய் அப்பாவோடு வாக்குவாதப்பட்டு எனக்கு முறைப்பாடும் வந்தது. ஒரு பிள்ளையிடம் ஒரு கிணறுதான் இருக்கும், நாற்பது கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்தக் கேள்வியே பிறக்கும், அந்த ஷீட் இல்லாமல் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், சுற்றுலா போகும்போது குழுவுக்கொரு கிணறு, ஆளுக்கொரு வெப்பமானி என்று அதையும் இப்படிச் செய்யலாம்.

கவரேஜ் இல்லாத வகுப்பறைக்கு ஒரு வழி சொல்கிறேன், உங்கள் கணினிப் பாட ஆசிரியரைப் பிடியுங்கள். இதர்பேட் என்று ஒரு மென்பொருள், 2008இல் வந்தது, இலவசம். இருக்கிற கணினியில் அதை நிறுவி ஒரு வைஃபை ரூட்டரை மட்டும் இணைத்தால், வெளி இணையம் இல்லாமலே பிள்ளைகளிடம் இருக்கிற நான்கைந்து போன்களில் அதே பக்கத்தைத் திறந்து சேர்ந்து எழுதலாம். கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஆளுக்கொரு நிறம், எழுதி முடிந்தபின் முதல் எழுத்திலிருந்து எப்படி வளர்ந்தது என்று படம் மாதிரி ஓட்டியும் பார்க்கலாம். கரன்ட் நின்றால் மட்டும் ஒன்றும் செய்யமுடியாது, 2022இல் நாம் பட்டதை மறக்கவில்லை. அதனால்தான் பிரிஸ்டல் போட்டை நான் இன்னும் கைவிடவில்லை.

கேள்வி: நான் தரம் 10. விக்கிப்பீடியாவில் பார்த்து எழுதினால் சேர் ஏசுகிறார். உம்மாவின் போனில் நானே அதில் எழுதலாமா?
ஒரு மாணவன், கிண்ணியா

பதில்: எழுதலாம் மகன், உம்மாவிடம் கேட்டுவிட்டு, சொந்தப் பெயர் வைக்காமல் ஒரு புனைபெயரில் எழுதுங்கள். இப்படி யாரும் வந்து திருத்தலாம் என்கிற பக்கத்தை 1995இல் வார்ட் கன்னிங்காம் என்பவர் முதன்முதல் தொடங்கினார், ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸின் பெயரை வைத்தார், ஹவாய் மொழியில் விக்கி என்றால் கெதி, விரைவு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. தொடக்கத்தில் அதைத் தோளில் தூக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன். ஆகவே அது வேற்றுக்கிரகத்து ஆட்கள் எழுதியது இல்லை, நம்மவர்கள் இரவில் தூக்கம் விழித்து எழுதியது.

சேர் ஏசுவது நீங்கள் பார்த்ததற்கு இல்லை, பார்த்து அப்படியே எழுதியதற்கு. ஒரு கட்டுரையைத் திறந்தால் மேலே ‘உரையாடல்’ என்று அழுத்தித் திறக்கிற ஒரு தத்தல் இருக்கும், அதைப் பாருங்கள், அடியில் இருக்கிற மேற்கோள்களைப் பாருங்கள், வரலாற்றைத் திறந்து யார் யார் எதை மாற்றினார்கள் என்று பாருங்கள். பிறகு ‘மணல்தொட்டி’ என்கிற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், அங்கே பிழை விட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள். முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்கப் போகவேண்டாம், எழுத்துப்பிழை பத்துத் திருத்துங்கள்.

ஒரு விசயம் மட்டும் புரிந்துகொள்ளவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது என்பதற்குப் பத்திரிகை ஆதாரம் காட்டலாம், 1660இல் கொட்டியாரக்குடாவில் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் பிடிபட்டதற்கு அவர் எழுதிய புத்தகமே இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு முந்தி ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்த கதையை உங்கள் அப்பா, மூத்தவாப்பா சொன்னது விக்கிப்பீடியாவில் நிற்காது, யாராவது எடுத்துவிடுவார்கள், அவர்களுடைய சட்டம் அச்சில் வந்த ஆதாரம் கேட்கிறது. அந்தக் கதைகளுக்கு உங்கள் வகுப்பின் பக்கம் இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் பத்து மூத்தவர்களிடம் கேட்டு எழுதி, ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்தால், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. பழைய புத்தகம், சஞ்சிகை தேடுவதற்கு 2005இலிருந்து நடக்கிற ‘நூலகம்’ இணையத்தளம் இருக்கிறது, ஈழத்துப் பழைய வெளியீடுகள் அங்கே ஏராளம்.

கேள்வி: ஒருவன் எழுதியதை இன்னொருவன் திருத்தினால் புள்ளி யாருக்கு? இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறதே, அதற்கு என்ன செய்வீர்?
ஓய்வுபெற்ற அதிபர், தம்பலகாமம்

பதில்: ஐயா, நான் பக்கத்துக்குப் பாதிப் புள்ளி குழுவாகப் போடுவேன், மற்றப் பாதி தனி ஆளுக்கு. தனி ஆளுக்கு எப்படி என்றால், அவர் எழுதாத பந்தி ஒன்றைக் காட்டி இரண்டு கேள்வி வாயால் கேட்பேன். கூட்டாளியின் பந்தியோடு மல்லுக்கட்டியிருந்தால் சொல்வார், இல்லையென்றால் முழிப்பார். அரன்சனின் முறையிலும் கடைசிச் சோதனை தனித்தனிதான்.

இயந்திரம் எழுதியது பதிப்பு வரலாற்றில் பல்லைக் காட்டும். இரவு 9.42க்கு நானூறு சொல் ஒரே அடியில் வந்து விழுந்து, அதன் பிறகு ஒரு காற்புள்ளி கூட மாறாமல் கிடக்கும். பிள்ளை எழுதினால் எழுதும், வெட்டும், திரும்ப எழுதும், ‘ண’வா ‘ன’வா என்று தடுமாறும். கையால் பார்த்துத் தட்டினால் பிடிக்கமுடியாதுதான், அதற்கு அந்த இரண்டு வாய்க்கேள்வி.

கேள்வி: நான் பாமினியில் அடித்ததைக் கூகுள் டொக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. இன்னொன்று, என் வகுப்புப் பக்கத்தில் ‘ஒட்டகம்’ என்று யாரோ எழுதுகிறார்கள், யார் அது?
ஓர் ஆசிரியை, நிலாவெளி

பதில்: பாமினி வெறும் எழுத்துரு ரீச்சர், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே கிடக்கிற ஆங்கில எழுத்து அப்படியே வெளியே தெரியும். இணையத்தில் இருக்கிற சுரதா மாற்றியில் போட்டு, எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள், இனிமேல் அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். தட்டச்சுச் சிரமமான பிள்ளைகள் போனில் ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டு வாயால் சொன்னால் தமிழில் எழுதித்தரும், பிழை திருத்தத்தான் வேண்டும்.

ஒட்டகத்துக்குப் பயப்படவேண்டாம். லிங்கைத் திறந்து விட்டிருக்கிறீர்கள், கணக்குக்குள் நுழையாமல் வருகிறவர்களுக்குக் கூகுள் ஒரு மிருகப் பெயரைத் தானாகவே வைக்கும். இன்றைக்கு ஒட்டகம், நாளைக்கு முதலை. பெயர் சொல்லி வரச்சொல்லி லிங்கைப் பூட்டிவிடுங்கள், பூட்டுவதற்கு முன் அது எழுதியதை ஒருதரம் வாசியுங்கள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் சில நேரம் ஒட்டகமாக வந்துதான் எழுதும். யார் என்று பிடிபட்டால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.